கேள்வி இல்லாத கேள்வித்தாள்

எனக்கு மைக்கு வேணாம். முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு மேல கத்திப் பாடம் நடத்தின தொண்டை இது. புதுசா வேலைக்கு வந்திருக்கிற எங்களுக்கு நாலு அனுபவம் சொல்லுங்க டீச்சர்னு கூப்பிட்டிருக்கீங்க. சரி. ஆனா நான் ஜெயிச்ச கதை சொல்லப் போறதில்ல, அதைச் சொல்றதுக்கு உங்களுக்கு வேற ஆளுங்க நிறைய கிடைப்பாங்க. நான் பண்ண ஒரு தப்பைச் சொல்றேன். அதுவும் பெருமையாவே சொல்றேன். தப்புல இன்னா பெருமைன்னு முழுசா கேட்டுட்டு அப்புறம் கேளுங்க.

நீங்க சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைங்களைத் தயார் பண்றீங்க. மாதிரித் தேர்வு வேணும்னா கம்ப்யூட்டர்ல ரெண்டு தட்டு தட்டினா வந்து விழுது. நாங்க பண்ணது அதே வேலைதான். என்ன, எங்க கை முழுக்க மசியா இருக்கும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு உரக்கடை மாடியில எங்க டுடோரியல். நடத்தினவர் கோர்ட்டுல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். எல்லாரும் அவரை ஐயான்னுதான் கூப்பிடுவோம். சட்டம் அவர் எடுப்பார். பொது அறிவு, யோசிச்சி எழுதற கேள்வி, வாராவாரம் மாதிரித் தேர்வு, இதெல்லாம் என் பொறுப்பு. எங்க அத்தாவுக்குக் கடைத்தெருவுல பாத்திரக்கடை. இன்னா பாய், உங்க பொண்ணு மாடியேறிப் போய் ஆம்பளப் பசங்களுக்குப் பாடம் எடுக்குதாமேன்னு யாராவது வந்து இழுத்தா, ஆமா, நல்லா எடுக்குது, உங்க பையனையும் அனுப்புங்கன்னு சொல்லிட்டு, அண்டாவைத் தட்டிக் காட்டி வியாபாரத்தைப் பார்ப்பார். அந்தத் தைரியத்துலதான் நான் வேலை பார்த்தேன்.

ஞாயித்துக்கிழமை காலைல தேர்வு. நானே கேள்வி எழுதி, நானே ஸ்டென்சில்ல டைப் அடிச்சி, நானே உருளையைச் சுத்தி அச்சு எடுப்பேன். தாளோட இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் நாலு விடை. மொத்தம் நாப்பது கேள்வி. உளுந்தூர்பேட்டை, மணலூர்பேட்டையில இருந்தெல்லாம் அந்தத் தாளுக்குன்னே பஸ் ஏறி வருவாங்க. எனக்கு அதுல தலைக்கனம் இருந்துச்சி. இல்லன்னு சொன்னா பொய்.

அந்த வருஷம் இருபத்தாறு பேர். அதுல ஒருத்தி காளியம்மா. கல்வராயன் மலையில வெள்ளிமலைக்கும் மேல ஒரு ஊர். அப்பன் ஆத்தா சாமையும் தினையும் விதைக்கிற பழங்குடி ஜனங்க. மலையில பள்ளிக்கூடம் விட்டு விட்டு நடந்ததால பன்னெண்டாவது முடிக்கவே அவளுக்கு வயசு ஏறிப் போச்சு. அஞ்சு வருஷச் சட்டப் படிப்புக்கு வயசு வரம்பு உண்டு. சலுகையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் அவளுக்கு அந்த ஒரு வருஷந்தான். விட்டா விட்டதுதான்.

ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடிச்சி, கச்சிராயபாளையம் வழியா இறங்கி வந்து, கடைசி பெஞ்சில உக்காந்து எழுதிட்டுப் போவா. பேச்சு கம்மி. முதல் தேர்வுல நாப்பதுக்குப் பதினாலு. அப்புறம் இருபத்தொண்ணு, இருபத்தொம்போது. ஒரு கட்டத்துல முப்பத்தஞ்சு. அந்த வருஷத்துல யாரும் அதைத் தொடல. நான் அந்தத் தாளைத் தூக்கிக்கினு ஐயாகிட்ட காட்டினேன், அத்தாகிட்ட காட்டினேன், கீழே உரக்கடைக்காரர்கிட்டயும் காட்டினேன். அவர் யூரியா மூட்டைக்குப் பின்னால இருந்து தலையை ஆட்டினார்.

அப்போ இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்துல இருந்துச்சி. தங்களோட ஜனத்துக்குத் தனியா இடம் வேணும்னு நம்ம பக்கத்து ஊரெல்லாம் கொதிச்சிக்கினு கிடந்தது. ரோட்டுக்குக் குறுக்க புளியமரம் விழுந்து கிடக்கும், பஸ் ஓடாது. எங்க வகுப்புல ரிஷிவந்தியத்துப் பையன் ஒருத்தன், செல்வராசுன்னு பேரு, வாரத்துல நாலு நாள் மறியல், ரெண்டு நாள் படிப்பு. நல்ல பையன்தான், வாய்தான் ஜாஸ்தி. ஒரு நாள் காளியம்மாவைப் பார்த்து, உனக்கு இன்னா, எழுதாட்டியும் சீட்டு காத்துக்கினு இருக்குதுன்னு சொல்லிட்டான்.

எனக்குக் கோபம் வந்தா நல்லது கெட்டது தெரியாது. நீ ரோட்டுல உக்காந்து கேக்கறது இன்னாடா, அதேதானே? உனக்குக் கேட்டா நியாயம், அவளுக்குக் கொடுத்தா ஓசியான்னு விட்டு வாங்கிட்டேன். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கினான். காளியம்மா தன்னோட முப்பத்தஞ்சு மார்க் தாளை எடுத்து பெஞ்சு மேல விரிச்சி வச்சா, அவ்வளவுதான். அவன் தாள்ல இருபத்தெட்டு.

பரீட்சைக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது மலைக்குப் போற பஸ்ஸும் நின்னு போச்சு. ஞாயித்துக்கிழமை வந்தவ திரும்பிப் போக முடியல. எங்க வூட்டுக்கு இட்டுக்கினு வந்துட்டேன். எங்க அம்மா அவளைத் தலை முதல் கால் வரைக்கும் பார்த்துட்டு, படிக்கிற பொண்ணு இப்படி இளைச்சிக்கினு இருந்தா எப்படின்னு, அன்னைக்கே உரலில மசாலா இடிக்க ஆரம்பிச்சிட்டாங்க.

மறுநாள் மத்தியானம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

அடுத்த ஞாயித்துக்கிழமை வைக்கப் போற கடைசித் தேர்வுக்கு அடிச்ச ஸ்டென்சில் இடது பக்கம் கசங்கிப் போயி, முதல்ல எடுத்த இருபது தாள் பாழாயிடுச்சி. இடது பாதி முழுக்க ஒரே கருப்பு, கேள்வியில ஒரு எழுத்து தெரியாது. வலது பக்கம் விடை மட்டும் பளிச்சுன்னு இருந்தது. பின்பக்கம் கணக்குப் போட ஆகட்டும்னு வூட்டுல வச்சிருந்தேன். நான் தொழுதுட்டு வந்து பார்த்தா, காளியம்மா அதுல ஒரு தாளை எடுத்து வச்சிக்கினு விடையெல்லாம் குறிச்சிக்கினு இருக்கா. பொழுது போகலயாம்.

திருத்தற கை சும்மா இருக்குமா? கேள்வி எழுதினவ நான், சரியான விடை எனக்கு மனப்பாடம். சிரிச்சிக்கினே சிவப்புப் பேனாவை எடுத்தேன். பத்து கேள்வி திருத்தும்போது சிரிப்பு நின்னு போச்சு. நாப்பதுக்கு முப்பத்து மூணு.

நாலு விடையில கண்ணை மூடிக்கினு ஒண்ணைத் தொட்டா, நாப்பதுக்குப் பத்து வரும். அதுக்கு மேல ஒண்ணு ரெண்டு வரலாம். கேள்வியே இல்லாம முப்பத்து மூணு எப்படி வரும்?

"கேள்வி இல்லாம எப்படிம்மா எழுதின?"ன்னு கேட்டேன்.

"கேள்வி எதுக்கு டீச்சர்? நீட்டமா இருக்கறதுதானே சரியான விடை. மூணாவது தேர்வுலயே கண்டுக்கினேன். சட்டம்னா அப்படித்தான் நீட்டிச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன்."

அவ திருட்டுத்தனமா சொல்லல. படிச்சிப் புரிஞ்சிக்கின ஒரு விஷயத்தைச் சொல்ற மாதிரி சொன்னா. நான் எழுதின அத்தனை தாளையும் தரையில பரப்பிப் பார்த்தேன். அவ சொன்னது சரி. ஒருத்தர் வூட்டுக்குள்ள போலீஸ் எப்போ நுழையலாம்னு கேட்டிருப்பேன். எப்பவும், ஒருபோதும் கூடாது, பகல்ல மட்டும், இப்படி மூணு தப்பு விடை ரெண்டு ரெண்டு வார்த்தையில இருக்கும். நாலாவது, சட்டம் சொல்ற காரணம் இருந்து அதுக்கான அதிகாரத்தோட வந்தால் மட்டும்னு ரயில் வண்டி மாதிரி போகும். சரியான விடையில யாரும் குத்தம் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு நான் அதை மட்டும் அணைகட்டி அணைகட்டி எழுதியிருக்கேன். தப்பு விடையைப் பத்தி யாருக்குக் கவலை? இந்தக் கோளாறு கேள்வி எழுதற நமக்கு மட்டுமே வர்றது. நாம பயப்படற இடத்துல வார்த்தையைக் கூட்டுவோம்.

ஆக, அவ சட்டத்தைப் படிக்கல. என்னைப் படிச்சிருக்கா. அவ மட்டுமா? இருபத்தாறு பேரும் தெரிஞ்சோ தெரியாமலோ கொஞ்சம் கொஞ்சம் அப்படித்தான்.

ஐயாகிட்ட ஓடினேன். அவர் எல்லாத்தையும் கேட்டுட்டு, சொல்லாதேன்னார். பரீட்சைக்குப் போற பிள்ளைக்குத் தைரியம்தான் பாதி மார்க்கு, அதைப் பிடுங்கிட்டு பன்னெண்டு நாள்ல இன்னாத்தக் கொடுக்கப் போறன்னார். அவர் சொன்னதுல நியாயம் இல்லாம இல்ல. நீங்களும் இதே மாதிரி நிப்பீங்க ஒரு நாள், அதனால நான் எப்படி முடிவெடுத்தேன்னு சொல்றேன். கடைத்தெருவை ரெண்டு சுத்து சுத்தினேன். சொன்னா இன்னா ஆகும்னு யோசிக்கும்போது மனசுல முதல்ல வந்தது காளியம்மா முகம் இல்ல, கேள்வி எழுதத் தெரியாத டீச்சர்னு ஊர் சிரிக்கிறது. நான் அவளுக்காகப் பயப்படல, என் பேருக்காகப் பயந்துக்கினு இருக்கேன்னு அப்போதான் புரிஞ்சிச்சி. எனக்கே வெக்கமாப் போச்சு. அப்புறம் முடிவெடுக்க நேரம் ஆகல.

ஆனா சும்மா வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. சாயந்தரமே ஒரு தாள் எழுதினேன். சரியான விடைதான் எல்லாத்துலயும் குட்டை. காளியம்மாகிட்ட கொடுத்தேன். நாப்பதுக்குப் பதினொண்ணு.

நடந்ததைச் சொன்னேன். தப்பு உன்னுது இல்ல, என்னுதுன்னு சொன்னேன். அழுவான்னு பார்த்தேன், அழல. கோபம் வந்துச்சி அவளுக்கு.

"அந்த முப்பத்தஞ்ச வச்சித்தான் டீச்சர் நான் அவங்க முன்னாடி நிமிந்து உக்காந்தேன்"ன்னா.

இத்தனை வருஷத்துல எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்காங்க. எதுவும் அந்த ஒரு வரி மாதிரி வலிக்கல.

மறுநாள் காலைல டுடோரியல் வாசல் கரும்பலகையில எழுதினேன்: இதுவரை நடந்த மாதிரித் தேர்வு மார்க்குகள் செல்லாது. விடை அமைப்பில் என் தவறு. கீழ என் கையெழுத்து. உரம் வாங்க வந்தவங்க எல்லாம் நின்னு படிச்சாங்க. ஐயா வந்தார், படிச்சார். முகம் கடுகடுன்னு ஆயிடுச்சி. சாக்பீஸை எடுத்தார். அழிக்கப் போறார்னு நெனச்சேன். அதுக்குக் கீழயே, புதிய தேர்வுகள் தினமும் காலை பத்து மணிக்குன்னு எழுதிட்டு மாடியேறிப் போயிட்டார். அவருக்குக் கீழ வேலை பார்த்தேன்னு இன்னைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன்.

பஸ் இல்லாத ஊர்ல சேதி மட்டும் எப்படிப் போகுதோ, ரெண்டே நாள்ல பதினோரு பேர் வந்து சேர்ந்துட்டாங்க. சைக்கிள்ல, நடந்து, பால் வண்டியில. செல்வராசும் வந்தான். அப்போ என் இருபத்தெட்டும் பொய்யான்னு கேட்டான். ஆமாடா, பொய்தான்னேன். மறியலுக்கு லீவு போட்டுட்டு உக்காந்தான்.

எட்டு நாளுக்கு எட்டு தாள் நான் ஒருத்தி எழுதினா திரும்ப என் புத்திதான் அதுல வரும். அதனால பிள்ளைங்களையே எழுத வச்சேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு கேள்வி. நாலு விடையும் ஒரே நீளம் இருக்கணும். மூணு தப்பு விடையும், படிக்காதவன் சரின்னு ஏமாந்து போற மாதிரி இருக்கணும். முதல் நாள் ஒருத்தருக்கும் வரல. தப்பான விடையை நல்லா எழுதணும்னா சரியான விடை எங்க நிக்குதுன்னு தெரியணும், இல்லையா?

காளியம்மா முதல் நாள் முழுக்க ஒண்ணும் எழுதல. என்கிட்ட முகம் கொடுத்தும் பேசல. ரெண்டாவது நாள் எழுதிக்கினு வந்தா பாருங்க. பலாமரம் ஒருத்தன் நிலத்துல நிக்குது, கிளை அடுத்தவன் நிலத்துக்கு மேல போகுது, பழம் விழுந்து அவன் கொட்டாய் ஓடு உடைஞ்சி போச்சு. சட்டக் கொள்கையைக் கேள்வியிலயே எழுதியிருந்தா, அதன்படி நஷ்டம் யாரோடது? நாலு விடையும் நூல் பிடிச்ச மாதிரி ஒரே அளவு. ஐயாவே மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிப் போட்டுக்கினு ரெண்டு தரம் படிச்சார். கோர்ட்டுல வேலை பார்த்தவர் தப்பான விடையைத் தொட்டார். காளியம்மா அந்த வாரத்துல முதல் தடவை சிரிச்சா.

மலையில வரப்புத் தகராறும் தேன் கூட்டுத் தகராறும் கேட்டு வளர்ந்த பொண்ணு. நியாயம் பேச அவளுக்கு யாரும் சொல்லித் தர வேணாம். நான்தான் நடுவுல குறுக்கு வழியைக் காட்டிக் கெடுத்து வச்சிருந்தேன். கடைசி நாள் தாள்ல அவளுக்கு இருபத்தாறு. ஐயோ, முப்பத்தஞ்சு போயி இருபத்தாறான்னு யாரும் கேக்கல. அது அவ சொந்த மார்க்கு.

பரீட்சை சென்னையில, ஞாயித்துக்கிழமை. சனிக்கிழமை காலைலயே ஒரு வேன்ல கிளம்பினோம். உளுந்தூர்பேட்டைக்கு முன்னால ரோட்டை அடைச்சிக்கினு பெரிய மரம். வேன் நின்னுச்சி. காளியம்மாவுக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு கிடையாதே. செல்வராசு இறங்கிப் போய் அங்க உக்காந்திருந்த பசங்ககிட்ட பேசினான். திரும்பி வந்து, எல்லாரும் இறங்கி மரத்தைத் தாண்டிப் போங்க, அந்தப் பக்கம் ஒரு லாரி நம்மளை ஏத்திக்கும்னான்.

"எப்படிடா ஒத்துக்கினாங்க?"

"பரீட்சைக்குப் போறவங்களை மறிச்சா நாம எதுக்குடா ரோட்டுல உக்காந்திருக்கோம்னு கேட்டேன் டீச்சர்"ன்னான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இந்த மரம் நான்தான் வெட்டினேன். திட்டறதா இருந்தா பரீட்சை முடிஞ்சி திட்டுங்க"ன்னான்.

திட்டவே இல்ல. காளியம்மாவோட பையைத் தூக்கிக்கினு முதல்ல மரமேறி அந்தப் பக்கம் குதிச்சவன் அவன்தான். அதுக்கப்புறம் எப்படித் திட்டறது?

பரீட்சை முடிஞ்சி வெளிய வந்தவ என்கிட்ட நேரா வந்தா. சில கேள்வியில நீட்டமான விடைதான் டீச்சர் சரி, அதைத் தொடவே கை பயந்துச்சி, ஆனா கேள்வியைப் படிச்சிட்டுத்தான் தொட்டேன்னு சொன்னா. எனக்கு அது போதும்னு இருந்துச்சி. ரிசல்ட்டு வந்தப்போ பதினோரு பேர்ல ஏழு பேருக்கு இடம். காளியம்மா பேர், ஒதுக்கீட்டுப் பட்டியல்ல தேடிக்கினு இருந்த எங்களுக்கு, அதுக்கு முன்னாடி பக்கத்துல பொதுப் பட்டியல்லயே கிடைச்சிச்சி. ஒதுக்கீட்டுல வந்திருந்தாலும் எனக்கு அதே சந்தோஷந்தான், அது அவங்க உரிமை. ஆனா செல்வராசு அந்தப் பேப்பரை வாங்கிக்கினு போய் தானே கரும்பலகையில அவ பேரை எழுதினான் பாருங்க, அந்தச் சந்தோஷம் தனி. அவன் அடுத்த வருஷம் எழுதிப் போனான். இப்போ ரெண்டு பேருமே வக்கீலுங்க.

இனிமே உங்க சமாச்சாரம். எந்தத் தாள் எழுதினாலும், பிள்ளைங்க கைக்குப் போறதுக்கு முன்னாடி கேள்வியை மறைச்சிட்டு விடையை மட்டும் ஒருத்தர்கிட்ட கொடுத்து எழுதச் சொல்லுங்க. பத்துக்கு மேல ரொம்பப் போச்சுன்னா கோளாறு பிள்ளைங்ககிட்ட இல்ல, உங்ககிட்ட. அப்போ வாசல்ல போய் எழுதிப் போடுங்க. ஊர் சிரிக்கும். சிரிச்சிட்டுப் போகட்டும்.

ஒண்ணு பாக்கி இருக்கு. சட்டக் கல்லூரியில சேர்ந்த முதல் லீவுக்கு காளியம்மா இறங்கி வந்தா. ஒரு கையில எங்க அம்மாவுக்குத் தேன். இன்னொரு கையில நாப்பது கேள்வி, அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்காக அவளே எழுதினது. என்கிட்ட தாளை நீட்டினா. பார்த்தா இடது பாதியை மடிச்சி குண்டூசி குத்தி வச்சிருக்கா. எழுதுங்க டீச்சர்ன்னா. நான் விட்டேனா? அவ பார்வை எப்படிப் போகும், எந்த வார்த்தையை எங்க போடுவான்னு எனக்குத் தெரியாததான்னு ஒரு மணி நேரம் உக்காந்து, யோசிச்சி யோசிச்சிக் குறிச்சேன். அவ என் சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தினா.

நாப்பதுக்கு ஒம்போது. கண்ணை மூடிக்கினு குத்தியிருந்தா ஒண்ணு ஜாஸ்தி வந்திருக்கும். முப்பத்தோரு வருஷத்துல நான் இவ்வளவு பெருமையா வாங்கின மார்க் வேற இல்ல. இந்தாங்க, அந்தத் தாள்தான் இது. பார்த்துட்டு பத்திரமா திருப்பிக் கொடுங்க, குண்டூசியை மட்டும் எடுக்காதீங்க.